டாக்டர் எழும்புவார்

கல்முனைக்குடிக்கு ஆங்கில மொழியைக் கொண்டுவந்தது வெள்ளைக்காரன் அல்ல, காலிதீன் மாஸ்டர்தான் என்பது வரலாற்றால் மறுக்க முடியாத பேருண்மை. இதை முதன்முதலில் ஊருக்கு எடுத்துச் சொன்னவர் காலிதீன் மாஸ்டர். இரண்டாவதாக எடுத்துச் சொல்ல இன்னும் ஆள் வரவில்லை.

இருந்தாலும் ஊர் அவரை நம்பியது. நம்பியதற்குக் காரணம் அவர் கற்பித்த இலக்கணம் அல்ல; ஒரு படம். 1963இல் கொழும்புக்கு ஒரு கிழமைப் பயிற்சிக்குப் போன இளம் வாத்தியார், அங்கே 'ஈரக் குடை' என்ற மர்மப் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பினார். பத்தொன்பது வருடமாக அந்தக் கதையை வகுப்பிலும் கலியாண வீட்டிலும் சொன்னார். மழையே பெய்யாத இரவில், பெரிய மாடி வீட்டு நடையில், தண்ணீர் சொட்டச் சொட்ட ஒரு குடை நிற்கும். அது நின்ற மறுநாள் கொலையாகி ஒரு மையித்து விழும். குடைக்காரன் யார்? வீட்டுக்கார இளம் விதவையா, மாடியில் வாடகைக்கு இருக்கும் நல்ல மனிதரான வாத்தியாரா, குடும்ப டாக்டரா? இந்த இடத்தில் மாஸ்டர் நிறுத்தி, வெற்றிலையை மடித்து வாயில் வைத்து, எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, அடிவயிற்றிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு வசனம் விடுவார்: "டாக்டர், க்ளோஸ் த அம்பிரெல்லா!"

குழந்தைகள் வீறிட்டு அழும். கொலைகாரன் டாக்டர் என்பது ஊரில் முட்டை விற்கிறவளுக்கும் தெரியும்.

மாஸ்டர் அந்தப் படத்தைப் பார்க்கவில்லை. தியேட்டர் வாசல்வரை போனார், மழை பிடித்துக்கொண்டது, ரோசாத் தாளில் தமிழில் அச்சடித்த நோட்டீஸ் ஒன்று கையில் கிடைத்தது, அதைத் தலையில் பிடித்துக்கொண்டு அறைக்கு ஓடிவிட்டார். 'விடையை வெள்ளித்திரையில் காண்க!' என்று நோட்டீஸ் முடிந்திருந்தது. விடையை அவரே பார்த்துக்கொண்டார். அந்தக் கிழமை அவருக்கு ஊசி போட்ட டாக்டர் மரியாதையில்லாமல் கதைத்திருந்தார், ஆகவே டாக்டர்.

இப்படி ஒரு பொய் ஹயாத்தோடு உயிர் வாழ்ந்து, ஆளோடு சேர்ந்து கபுறுக்குழிக்குப் போயிருந்தால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் 1982இல் மாஸ்டரின் மச்சான் முனாப், ரியாதிலிருந்து லீவில் வந்தான். டீவி கொண்டுவந்தான், படம் ஓட்டும் டெக் கொண்டுவந்தான், பையின் அடியிலிருந்து ஒரு வீடியோ கசெட்டையும் எடுத்தான்.

"மச்சான், உங்கட படம்!"

மட்டையில் ஒரு குடை. நுனியில் தண்ணீர்த் துளி. பக்கத்தில் வாயைப் பிளந்தபடி ஒரு வெள்ளைக்காரி. நோட்டீசில் இருந்த அதே படம். எழுத்தெல்லாம் அரபு.

"நமக்கு அரபு வராது; கடைக்காரனுக்கு விளங்கப்படுத்தப் பட்ட பாடு! குடையைப் புடிச்சுக் காட்டினன், கழுத்தை அறுத்துக் காட்டினன். மனுசன் பொலிசைக் கூப்பிடப் பாத்தான். மறுகாதான் விளங்கி எடுத்துத் தந்தான்."

முனாப் இதைச் செய்தது மச்சான்மேல் இருந்த பாசத்தால். அதுதான் கொடுமை. பகையால் செய்திருந்தால் கோபித்துக்கொண்டு எழும்பிப் போயிருக்கலாம்.

"பழைய படம், மச்சான். இப்ப யாருக்கு வேணும்?" என்றார் மாஸ்டர்.

"எல்லாருக்கும் வேணும்," என்றாள் அவருடைய மனைவி ஸாலிஹா. "கலந்தர் ஹாஜியார் வீட்டையும் கூப்பிடுவம். நீங்க தமிழில சொல்லிக்கிட்டு இரிங்க. நம்மட பெறுமதி அவங்களுக்கும் விளங்கட்டும்."

மாஸ்டர் கசெட்டைக் கவிழ்த்து வைத்தார்.

விசயம் இதுதான். மகள் நதீராவை, நற்பிட்டிமுனைப் பாதையில் நெல் ஆலை வைத்திருக்கும் கலந்தர் ஹாஜியாரின் மகனுக்குப் பேசியிருந்தார்கள். பெண்ணுக்கு வீடு கொடுப்பது ஊர் வழமை. நதீராவின் வீடு யன்னல் மட்டத்தோடு நின்றது. உள்ளே ஆடு படுத்தது. அதற்கும் ஹாஜியார் சம்மதித்ததற்கு ஒரே காரணம்தான்: "வீடு மெல்லமாக் கட்டலாம். இங்கிலீசு படிச்ச சம்பந்தி எல்லாருக்கும் கிடைக்குமா?" நதீராவுக்கும் அந்தப் பொடியன்மேல் விருப்பம் என்பது தலையை எண்ணெய் வைத்து மூன்று தரம் வாருவதில் தெரிந்தது. நிக்காஹ்வுக்கு நாள் மட்டும் சொல்லவில்லை. நாள் சொல்ல வேண்டியவள் ஹாஜியாரின் மனைவி முனவ்வறா. அவள் இன்னும் வாய் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை லுஹர் தொழுகை முடிந்து கூட்டம் கூடியது. யன்னல்களைப் பாயால் மூடினார்கள். டீவியைச் சுவரோரம் நடுவில் வைத்து, அதிலிருந்து பின்சுவர்வரை கயிறு கட்டி ஒரு சீலையைத் தொங்கவிட்டார்கள். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள், இரண்டு பக்கத்துக்கும் ஒரே படம். முன்னால் இரண்டு கதிரை: ஒன்று ஹாஜியாருக்கு, ஒன்று மொழிபெயர்ப்பாளருக்கு.

ஹாஜியார் அத்தர் வாசத்தோடு வந்து அமர்ந்தார். தாடியைத் தடவினார். மெதுவாகச் சொன்னார்:

"இந்தப் படம் நானும் பாத்ததுதான், மாஸ்டர்."

"எங்க?"

"கொழும்பிலதான். அறுவத்தி மூண்டில. நெல்லு லொறியில போனநேரம்."

பத்தொன்பது வருடத்தில் முதல் சாட்சி. அதுவும் சம்பந்தியாக.

"அப்ப முடிவு நினைவிரிக்கும்," என்றார், குரலைப் பிடித்துக்கொண்டு.

"நல்லா இரிக்கி," என்றார் ஹாஜியார். திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முனாப் டெக்கை அழுத்தினான். முதல் சில நிமிடம் வெறும் கோடுகள் ஓடின. படத்தின் பெயரெல்லாம் அந்தக் கோட்டுக்குள் போய்விட்டது. பிறகு கறுப்பு வெள்ளையில் ஒரு மாடிப்படி. படியின் கீழே, திரையின் அடியில், வரிசையாக அரபு எழுத்து, அவர்கள் குர்ஆனில் மட்டுமே கண்டிருந்த எழுத்து.

கூட்டம் திடுக்கிட்டது. கால் நீட்டியிருந்தவர்கள் மடக்கினார்கள். ஒருவர் மடியிலிருந்த தொப்பியை எடுத்துப் போட்டார். சீலைக்கு அந்தப் பக்கம் முக்காடுகள் இழுபடும் சரசரப்புக் கேட்டது. அந்த எழுத்தின் கீழேதான் அடுத்த நிமிடம் அந்த வெள்ளைக்காரி தோள் தெரியும் சட்டையோடு வந்து நின்றாள். எழுத்தைப் பார்க்காமல் அவளைப் பார்ப்பதா, அவளைப் பார்க்காமல் எழுத்தைப் பார்ப்பதா என்று தெரியாமல் ஆண்கள் தொப்பியோடு நேராக அமர்ந்து இரண்டையும் பார்த்தார்கள்.

அவள் வாய் திறந்து கதைத்தாள்.

மாஸ்டர் காதைத் தீட்டினார். ஒரு சொல்லும் பிடிபடவில்லை. இன்னும் சற்று முன்னால் சாய்ந்தார். மாடியிலிருந்து கண்ணாடி போட்ட ஒருவன் புத்தகக் கட்டோடு இறங்கிவந்து பதில் சொன்னான். அதிலும் ஒரு 'த', ஒரு 'இஸ்', ஒன்றுமில்லை. சொற்கள் மழைக்காலத்துத் தவளைபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறி ஓடின. இருபது வருடம் ஆங்கிலம் படிப்பித்த மனிதனுக்கு, வெள்ளைக்காரன் வாயிலிருந்து வந்த ஆங்கிலம் ஒரு சொல் விளங்கவில்லை.

"என்ன சொல்லுறா, மாஸ்டர்?"

"சொல்லுறா..." மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "'வீட்டில நான் தனிய. பயமாக் கிடக்கு.' அவர் சொல்லுறார், 'பயப்பிடாதீங்க, நான் மேலதானே இரிக்கன்.' இவர் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். மிச்சம் நல்ல மனிசன்."

"ஓம், சரியான மொழிபெயர்ப்பு," என்றார் ஹாஜியார்.

மாஸ்டர் அவரை ஓரக்கண்ணால் பார்த்தார். கேலியா? முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

மணி அடித்தது. கதவைத் திறந்தாள் விதவை. மீசையும் தோற்பையுமாக ஒருவன்.

"டாக்டர்!" என்றது ஆண்கள் பக்கம் ஒரே குரலில். பத்தொன்பது வருடமாகக் கேள்விப்பட்ட கொலைகாரனை நேரில் கண்டதில் பலருக்கு மயிர்க்கூச்செறிந்தது. டாக்டர் விதவையின் நாடியைப் பிடித்தபோது, "கையை விடுடா, ஹராங்குட்டி!" என்று பின்னாலிருந்து யாரோ பல்லைக் கடித்தார்.

அவன் போனதும் நடையில் குடை நின்றது. யன்னலுக்கு வெளியே நல்ல நிலவு. குடையின் நுனியிலிருந்து சொட்டு, சொட்டு, சொட்டு. மாஸ்டர் தன் வேட்டியை இறுக்கிப் பிடித்தார். இந்தக் குடையைப் பற்றி அவர் ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறார். அது இப்படிச் சொட்டும் என்று அவருக்குத் தெரியாது.

படம் பாதிக்கு வந்தபோது அந்த விபரீதம் நடந்தது. டாக்டர் தனியே வந்தார். வீட்டில் ஒருவரும் இல்லை. தொப்பியை மாட்டினார். சொட்டுச் சத்தம் கேட்டுத் திரும்பினார். குடை இருந்த இடத்தில் குடை இல்லை. தரையில் ஈரம் மட்டும் படியேறிப் போயிருந்தது. டாக்டர் பின்னாலேயே ஏறினார். ஒரு படி. இன்னொரு படி. மேலே இருட்டிலிருந்து குடையின் கம்பி முனை மெதுவாக வெளியே வந்தது...

டாக்டர் தலைகீழாக உருண்டுவந்து, கண்ணைத் திறந்தபடி, கூட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்," என்றார்கள் பெண்கள்.

ஆண்கள் எல்லோரும் திரும்பி மாஸ்டரைப் பார்த்தார்கள்.

நதீராவின் யன்னல் மட்டத்து வீடும் அதில் படுத்திருந்த ஆடும் கண்முன் வந்துபோயின.

"நடிக்கிறான்," என்றார்.

"கண்ணைத் துறந்துக்கிட்டா?"

"அதான் நடிப்பு. எழும்புவான்."

ஹாஜியார் என்ன சொல்லப் போகிறார் என்று மாஸ்டர் காத்திருந்தார். தூக்குக் கயிற்றைக் கழுத்தில் மாட்டியவன், பலகையை இழுக்கும் கையைப் பார்ப்பதுபோல அந்தத் தாடியைப் பார்த்தார்.

ஹாஜியார் நெடுநேரம் யோசித்தார். "ஓம்," என்றார் கடைசியில். "எனக்கும் நினைவிரிக்கி. எழும்புவார்."

மாஸ்டருக்கு உயிர் வந்தது. வந்த உயிரோடு ஒரு சந்தேகமும் வந்தது: பார்த்த மனிதனே சொல்கிறார், அப்படியானால் டாக்டர் மெய்யாகவே எழும்பத்தான் போகிறாரோ?

அடுத்த காட்சியில் டாக்டரைப் பெட்டியில் வைத்து ஆணி அடித்தார்கள்.

"வெறும் பெட்டி," என்றார் மாஸ்டர்.

"கல்லுப் போட்டிரிப்பாங்க," என்றார் ஹாஜியார்.

அதன்பிறகு அந்த அறையில் இருந்தவர்கள் பட்ட பாடு, படம் எடுத்தவனே நினைத்திருக்க மாட்டான். அவன் வைத்த பயம் ஒன்று; மாஸ்டர் வைத்த பயம் இன்னொன்று. விதவை அலுமாரியைத் திறந்தால் டாக்டர் எழும்புவார் என்று நடுங்கினார்கள். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தால் டாக்டர் எழும்புவார் என்று கண்ணைப் பொத்தினார்கள். அவள் தேநீர் ஊற்றியபோதுகூட ஒருவர் "யா அல்லாஹ்" என்றார்.

"மச்சான்," முனாப் காதுக்குள் குசுகுசுத்தான். "இன்னும் எழும்பல்லியே?"

"அவசரப்படாத."

"அந்த இங்கிலீசு வசனம் எப்ப வரும்? டாக்டர், க்ளோஸ் த..."

"வரும், பொறு!"

சீலைக்கு அந்தப் பக்கம் வேறு ஒரு முணுமுணுப்பு ஓடிக்கொண்டிருந்தது. ஒரே குரல், தாழ்ந்து, நிற்காமல். யாரோ பயத்தில் ஓதுகிறார்கள் என்று மாஸ்டர் முதலில் நினைத்தார். ஆனால் ஓதலுக்கு நடுவில் பெண்கள் சிரித்தார்கள். அவர் மொழிபெயர்ப்பதற்கு முன்னமே "ஐயோ" என்றார்கள். ஒரு தரம் அவர், "விதவை பாட்டுப் படிக்கச் சொல்லுறா," என்றபோது அங்கே யாரோ முந்தானையால் வாயைப் பொத்தி இருமினார்கள்.

படம் முடியும் நேரம். விளக்கு அணைந்த வீடு. நடையில் குடை இல்லை. ஈரத் தடம் விதவையின் அறைக்குள்ளேயே போய், அலுமாரிக் கதவுக்கு முன்னால் நின்றது. கதவின் கீழிருந்து தண்ணீர் கசிந்தது. அவள் கையை நீட்டினாள். விரல் பிடியைத் தொட்டது...

"அல்லாஹு அக்பர், அல்லாஹு அக்பர்..."

அஸருக்குப் பாங்கு.

"நிப்பாட்டு, நிப்பாட்டு!" என்றார் ஹாஜியார். முனாப் அழுத்தினான். விதவையின் கை அலுமாரிப் பிடியில் கோடு விழுந்து நடுங்கிக்கொண்டு நின்றது. எல்லோரும் தலை குனிந்தார்கள். பாங்கு ஒவ்வொரு வரியாகப் போனது. பாங்கு சொல்லும் முஅத்தின் அன்றைக்கு வேண்டுமென்றே நீட்டியதாகப் பின்னாளில் சிலர் குறைபட்டார்கள்.

பாங்கு முடிந்தது. "பள்ளிக்குப் போய்ட்டு வருவமா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோர் கண்ணும் அந்தக் கையிலேயே இருந்தது. "அஸருக்கு நேரம் கிடக்கு," என்று ஹாஜியார் தீர்ப்புச் சொன்னார். கசெட்டை மறுபடி ஓடவிட முனாப் பொத்தானைத் தேடினான்.

அந்த அமைதியில், சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் தெளிவாகக் கேட்டது. இரண்டு வருடம் ஜித்தாவில் ஒரு வீட்டில் சமையலுக்கு நின்று போன மாதம் திரும்பிய ஸைனம்பு.

"அலுமாரிக்குள்ள வாத்தியார்தான்கா. அவர்தான் எல்லாரையும் கொன்னது."

"உனக்கெப்பிடித் தெரியும்?" இது முனவ்வறாவின் குரல்.

"கீழ அரபில எழுதியிரிக்கே, ராத்தா. எங்கட எசமாட்டியோட நாளாந்தம் இதைத்தானே வாசிச்சுப் பாத்தன். டாக்டர் எப்பவோ மௌத்து."

இரண்டு மணித்தியாலமாக இந்தப் பக்கம் ஒரு படமும் அந்தப் பக்கம் ஒரு படமும் ஓடியிருக்கிறது. அந்தப் பக்கத்தில், நாள் சொல்ல வேண்டிய முனவ்வறா இருக்கிறாள்.

முனாப் பொத்தானை அழுத்தினான்.

கதவு திறந்தது. கண்ணாடிக்காரன், புத்தகம் இல்லாமல், ஈரக் குடையோடு, சிரித்துக்கொண்டு வெளியே கால் வைத்தான்.

வீடு அலறியது. எல்லோருக்கும் மேலாக இரண்டு குரல் அலறியது. ஒன்று மாஸ்டருடையது. மற்றது மாஸ்டரின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த ஹாஜியாருடையது. தொப்பி தரையில் உருண்டது. இரண்டு பேரும் அப்படியே, ஒருவர் முகத்தை ஒருவர் ஒரு சாண் தூரத்தில் பார்த்தார்கள். ஏற்கெனவே படம் பார்த்தவன் இந்த இடத்தில் இப்படி அலறமாட்டான் என்பது இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது.

ஹாஜியார் கையை எடுத்துக்கொண்டார். தொப்பியைத் தட்டிப் போட்டார்.

திரையில் வாத்தியார் நீளமாகக் கதைக்கத் தொடங்கினான்.

"என்ன சொல்லுறார், மாஸ்டர்? இது அந்த நல்ல மனிசனெல்லோ? டாக்டர் எங்க?"

மாஸ்டர் எழுந்து நின்றார்.

"சொல்லுறான்: 'நான் வாத்தியார் இல்ல. நான்தான் டாக்டர்! பெட்டியிலிருந்து எழும்பி வந்து, வாத்தியாரைக் கொன்னுபோட்டு, அவன்ட முகத்தை எடுத்து மாட்டியிரிக்கன்!'"

ஆண்கள் எல்லோரும் ஹாஜியாரின் பக்கம் திரும்பினார்கள்.

"அப்பிடித்தான்!" ஹாஜியார் தொடையில் அடித்தார். "அப்பிடியேதான் முடிஞ்சது! நான் சொன்னனெல்லோ, எழும்புவாரெண்டு!"

"யா றப்பே, முகத்தையே மாட்டிட்டான்!" கூட்டம் கொந்தளித்தது. சிலர் மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். சீலைக்கு அந்தப் பக்கம் மட்டும் ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து பெண்களுக்கு இருமல் பிடித்தது.

யன்னல் பாய்களை எடுத்தார்கள். வெளிச்சத்தில் எல்லோரும் கொஞ்சம் சின்னவர்களாகத் தெரிந்தார்கள். "வசனம் வரல்லியே, மச்சான்?" என்று முனாப் விடாமல் கேட்டான். "அத சவுதியில வெட்டிப்போட்டாங்க," என்றார் மாஸ்டர்.

ஆனால் அவருடைய காது சீலையோடு ஒட்டியிருந்தது. அங்கே பாத்திரச் சத்தம். ஸாலிஹா வட்டிலப்பம் வெட்டிக் கொடுக்கிறாள். நதீராவின் வளையல் ஒரு தரம் குலுங்கி நின்றது.

"உங்கட மனிசன் வடிவாக் கதை சொல்லுறார்," என்றாள் முனவ்வறா.

"மன்னிச்சுக்கொள்ளுங்க, ராத்தா," என்றாள் ஸாலிஹா, மெல்ல.

"என்னத்துக்கு? எங்கட மனிசன் நெல்லு லொறியில கொழும்புக்குப் போனது எழுவதிலதான். அதுவும் லொறிக்குள்ளேயே படுத்துப்போட்டு வந்தவர்." ஒரு கோப்பை கீழே வைக்கப்பட்டது. "ஒண்டுக்கொண்டு சரியாத்தான் இரிக்கி. ரெண்டு பேரும் ஆளையாள் காட்டிக்குடுக்க மாட்டாங்க. வாற பிறையில நாள் வைப்பம்."

நதீராவின் வளையல் மறுபடி குலுங்கியது. இந்த முறை நிற்கவில்லை.

மாஸ்டர் வெளியே வந்து முற்றத்தில் நின்று, அன்று முதல் தடவையாக முழு மூச்சு எடுத்தார். ஹாஜியார் படலை வாசலில் அவரைக் கட்டி, கைகொடுத்து முஸாபஹா செய்து, "அடுத்த கிழமை ஆலையில இங்கிலீசுக் கடிதம் ஒண்டு கிடக்கு, மாஸ்டர்," என்றார். ஆளுக்கு ஆள் முகம் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு ஸாலிஹா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"டாக்டர் எழும்பினது பெரிசில்ல," என்றாள். "படம் முடியக்கொள்ள கீழ இன்னொண்டு எழுதியிருந்திச்சாம். ஸைனம்பு என்னட்ட மட்டும் சொல்லிப்போட்டுப் போறா."

"என்னவாம்?"

அவள் சொன்னாள். மாஸ்டர் தேத்தண்ணியைக் குடிக்கவில்லை.

அது இத்தாலியப் படம். அதில் தொடக்கம் முதல் முடிவுவரை ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் இல்லை.